தூங்கு நாற்பது

பத்து மவுங். இரவு ஒன்றே முக்கால்.
மீன் கிடங்கின் மாடியறையில்
நானும் ஒரு சர்வரும்
ஆணியில் தொங்கும் பையில் பாதிக் கோப்பியும்.
நாலு மணிக்குப் படகுகள் வரும்.

பழைய துவக்க முறைக்கு வரிசை உண்டு.
பத்து, இருபது, தொண்ணூற்றொன்பது என்று
டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள்,
ஒருவர் முடிக்காமல் அடுத்தவர் எழமாட்டார்.
புதியது எல்லாரையும் ஒரே தட்டில் எழுப்புகிறது.
யாருக்கு முன்னால் யார் வேண்டுமென்று
முன்கூட்டியே எழுதிக்கொடு என்கிறது.
எழுதிக் கொடுத்தேன்:
நெட்வொர்க்குக்குப் பிறகு,
வட்டுகளுக்குப் பிறகு,
டேட்டாபேஸ் எழுந்து முகம் கழுவிய பிறகு.

பகலெல்லாம் ரிட்சுவானின் ஸ்கிரிப்டுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.
நான் பார்த்ததில்லை அவரை. கூலிமுக்குப் போய்விட்டாராம்.
மாறிகளுக்கெல்லாம் மீன் பெயர்,
கெம்போங், செலார், தெங்கிரி.
தராசு நிரலின் நடுவில் தனியாக ஒரு வரி:
தூங்கு நாற்பது.
பக்கத்தில் மலாயில், ஜாங்ஙான் புவாங்,
தூக்கிப் போடாதே.
காரணம் எழுதவில்லை.
நாற்பது வினாடி சும்மா நிற்க ஒரு கட்டளையா?
சோம்பேறித்தனம் என்று சிரித்தேன்.
அழித்தேன்.

இப்போது தராசு நிரல் எழ மறுக்கிறது.
லாகைப் பிரித்தால் சிவப்பு.
கையால் ஓட்டினால் ஓடுகிறது,
நல்ல பிள்ளை மாதிரி, முதல் தடவையிலேயே.
சரி என்று மறுபடி பூட் செய்தால் விழுகிறது.
கையால் எழுகிறது. பூட்டில் விழுகிறது.
பாதையைச் சோதித்தேன். உரிமையைச் சோதித்தேன்.
தராசின் கேபிள் தெரிந்த பிறகே கிளம்பு என்று
இன்னொரு வரி சேர்த்தேன்.
கேபிள் உடனே தெரிந்தது. நிரல் உடனே செத்தது.
விழுந்தால் எழுப்பு என்றேன்.
ஐந்து முறை எழுப்பிப் பார்த்துவிட்டு
இவ்வளவு அவசரமாகத் திரும்பத் திரும்பக் கேட்காதே
என்று எனக்கே சொல்லிவிட்டது.

இரண்டு ஐம்பது. கூ தவ்க்கே கீழேயிருந்து
ஓக்கே ஆ? என்றார்.
ஓக்கே என்றேன். பொய்.

இந்தக் கடையில் எல்லாமே ஒரு சுவர் சுவிட்சில் தொங்குகிறது,
சர்வர், விசிறி, கீழே தராசு.
ஒழுங்காக நிறுத்திவிட்டு, அதைத் தட்டி, மறுபடி போட்டு,
இந்த முறை திரையைப் பார்க்காமல்
படியிறங்கி ஓடினேன்.
ஈரத் தரை. ஐஸ் நீர் செருப்புக்குள் ஏறியது.

தராசு விழித்துக்கொண்டிருந்தது.
முதலில் ஐந்து எட்டுகள்.
பிறகு ஐந்து கோடுகள்.
பிறகு ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு,
செத்துவிட்டது என்று நினைக்கும் அளவு நேரம்.
உதட்டால் எண்ணினேன்.
முப்பத்தேழு. முப்பத்தெட்டு.
சுழியம்.
தன் எடையைத் தானே மறந்த பிறகுதான்
அது யாருக்கும் பதில் சொல்லும்.
மாடியில் என் நிரலோ
இரண்டாம் வினாடியிலேயே கேட்டுப் பார்த்து,
பதிலில்லை என்று நாண்டுகொண்டிருந்தது.
கையால் ஓட்டியபோதெல்லாம்
நான் தட்டச்சுவதற்குள் இது எழுந்திருக்கிறது.

ரிட்சுவானும் இங்கே நின்றிருக்க வேண்டும்,
இதே ஈரத்தில், இதே மாதிரி எண்ணிக்கொண்டு.
முப்பத்தெட்டு எண்ணி
இரண்டு சேர்த்துப் போட்டிருக்கிறார்,
மீன்காரர் நிறுவைக்கு மேல் ஒரு கெம்போங் போடுவது போல.

மேலே போய்ப் புதிய கோப்பில்,
என் அழகான வரிகளுக்கு நடுவே,
அந்த அசிங்கமான வரியைத் திரும்ப வைத்தேன்.
தூங்கு நாற்பது. ஜாங்ஙான் புவாங்.
அதன்கீழ்த் தமிழில்:
தராசு எழ முப்பத்தெட்டு வினாடி ஆகும்.
நின்று எண்ணினேன். புஷ்பலீலா.

சுவிட்ச். காத்திருப்பு. பச்சை.

நாலேகாலுக்கு முதல் கூடை,
முப்பத்தொன்று புள்ளி நாலு.
ரசீது மட்டும் வரவில்லை.
பிரிண்டர் ஸ்கிரிப்டில் தூக்கமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.
தவ்க்கே காதிலிருந்து பேனாவை எடுத்து
அட்டையில் எழுத ஆரம்பித்தார்.
நான் மறுபடி படியேறினேன்.